மழைக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே வீட்டு வயரிங்: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு

வீட்டுக் கரண்டு வேலை பழக நினைப்பவர்கள் முதலில் கடைக்குப் போய் டூல்ஸ் வாங்குவார்கள். அதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கே சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, எந்த சுவிட்ச் போர்டு ஜன்னலுக்கு நேரே சாரலில் நனைகிறது, மொட்டை மாடியில் எந்தப் பைப் வாய் திறந்து கிடக்கிறது என்று பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்கள் ஒரு பருவத்தை நம்பி இருக்க, நமக்கு இரண்டும் கொட்டும். நீரோடியில் இருந்து ஆரோக்கியபுரம் வரை கடலோர வீடுகளில் பித்தளை ஸ்க்ரூ பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். ஷீட் அடிக்கிற கொட்டகைகளில் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி வேறு. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று. வெளியே தொங்கும் வயரை அது ஆட்டி ஆட்டியே ஸ்க்ரூவை இளக்கிவிடும். ஆக, இங்கே வீட்டு வயரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டே சங்கதி: ஈரம், லூஸ் கனெக்‌ஷன். பொருள் பழுதாவது மூன்றாவதுதான். ஆனால் நாம் முதலில் மாற்றுவதோ பொருளை.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் ஒரு தெளிவான கோடு இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாமல், இருந்ததைப் போலவே மாற்றி வைப்பதற்கு உரிமம் தேவையில்லை. புது லைன் இழுப்பது, டிபி பாக்ஸ் (வீட்டு லைன்கள் பிரிகிற மெயின் பெட்டி) மாற்றுவது, புதிதாக வயரிங் செய்வது எல்லாம் உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர் மூலம் நடக்க வேண்டிய வேலை. இந்தக் கட்டுரையில் முதல் பாதி நீங்களே செய்யக்கூடியது. பின்பாதி, வேலைக்கு ஆள் வரும்போது பக்கத்தில் நின்று விவரமாகக் கேள்வி கேட்பதற்கு.

மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளதும் மின்வாரியத்துடையவை. போஸ்டில் இருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டர் சீல், போஸ்டில் உள்ள ஃபியூஸ் எதையும் தொடக் கூடாது. தெருவில் எல்லா வீட்டிலும் இருட்டு என்றால் உங்கள் வீட்டில் தேட ஒன்றும் இல்லை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கரண்டை நிறுத்துவது ஒரு தனி வேலை

"சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன்" என்பது போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸில் (கரண்டு வரும் வயர்) இல்லாமல் நியூட்ரலில் (அது திரும்பிப் போகும் வயர்) போட்டிருப்பார்கள். பல்பு அணையும், ஹோல்டரில் கரண்டு அப்படியே நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். (சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி மினுங்கும், அது ஆபத்தில்லை.)

முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். பழைய வீட்டில் ஃபியூஸ் கட்டை இருந்தால் உருவிக் கையில் எடுங்கள். இந்தப் பக்கத்து மூத்த வயர்மேன்கள் உதவிக்கு வரும் பையனிடம் ஏணியில் ஏறுவதற்கு முன் கேட்கிற கேள்வி இதுதான்: "மக்கா, கட்டைய ஊரி பைக்குள்ள போட்டியா?" கட்டை பைக்குள் இருந்தால் அறியாமல் யாரும் திரும்பச் சொருக முடியாது. எம்சிபி (அதிகக் கரண்டு போனால் தானே அணையும் சுவிட்ச்) என்றால் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி "வேலை நடக்கிறது" என்று எழுதி வையுங்கள். வீட்டில் எல்லோரிடமும் வாயாலும் சொல்லுங்கள்.

அப்புறம் இன்வெர்டர். இதைத்தான் மறக்கிறார்கள். மெயினை ஆஃப் செய்தவுடன் இன்வெர்டர் "கரண்டு போய்விட்டது" என்று எண்ணித் தன் பங்குக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். இன்வெர்டரையும் ஆஃப் செய்து, அதன் அவுட்புட் ப்ளக்கையும் உருவ வேண்டும். மாடியில் சோலார் பேனல் இருந்தால், பேனலில் இருந்து இறங்கி வரும் டிசி வயரில் பகல் முழுக்க மின்சாரம் இருக்கும், மெயின் ஆஃப் ஆனாலும். அந்த வயரின் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாகச் சோதனை. டெஸ்டரை முதலில் கரண்டு இருப்பது உறுதியான ஒரு பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள் (பக்கத்து வீட்டிலோ, மெயினை அணைக்கும் முன்னால் உங்கள் வீட்டிலோ). பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். பிறகு மறுபடி முதல் இடத்தில். மூன்றாவது சோதனை எதற்கு என்றால், நடுவில் டெஸ்டரே செத்துப் போயிருக்கலாம். வெயில் வெளிச்சத்தில் நியான் விளக்கு கண்ணுக்குத் தெரியாது; காய்ந்த மர ஸ்டூலில் நின்றால் சரியாக எரியாமலும் போகும். அதனால் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து வயரைத் தொடக் கூடாது. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டூல்ஸ் அதிகம் வேண்டாம். மல்டிமீட்டர், டெஸ்டர், கைப்பிடியில் உறை போட்ட கட்டிங் பிளையர், வயர் ஸ்ட்ரிப்பர், இரண்டு அளவு ஸ்க்ரூ டிரைவர், நல்ல பிவிசி டேப், ரப்பர் செருப்பு, மரத்தாலோ ஃபைபராலோ ஆன ஏணி. அலுமினிய ஏணி தேங்காய் வெட்டவும் வேண்டாம், கரண்டு வேலைக்கும் வேண்டாம். பழைய ஆட்கள் கையில் சீரிஸ் லாம்ப் (இரண்டு வயர் முனை நீட்டிய சோதனை பல்பு) இருக்கும். அதன் திறந்த முனையில் கரண்டு இருக்கும். பழகுகிறவர்களுக்கு அது ஆகாது.

சாக்கெட் மாற்றுவது: இதில் பழகினால் மற்றது வரும்

சாக்கெட் கருகுவது ஏன்? ப்ளக் லூஸாக உட்காரும், அல்லது பின்னால் ஸ்க்ரூ இளகியிருக்கும். அந்த இடத்தில் சூடு ஏறி, பித்தளை கறுத்து, பிளாஸ்டிக் உருகும். மீன் பொரித்த வாசம் அல்லாத ஒரு மீன் வாடை போர்டில் இருந்து வந்தால் அது பிளாஸ்டிக் சூடாகும் வாடை. அன்றைக்கே கவனியுங்கள்.

கரண்டை நிறுத்திச் சோதித்த பிறகு போர்டைத் திறங்கள். எதையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். எந்த வயர் எந்த ஸ்க்ரூவில் இருந்தது என்பது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். உள்ளே எறும்புக் கூடும் பல்லி எலும்பும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காலிங் பெல் சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர், வெளி போர்டு மூன்றும் அவற்றுக்குப் பிடித்த வீடு. காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீரோ எறும்புப் பொடியோ வேண்டாம்.

வயரின் நுனி கறுத்திருந்தால் கறுத்த பகுதி முழுவதையும் வெட்டிவிடுங்கள். செம்பு பளபளவென்று தெரிகிற இடம் வரை போக வேண்டும். கறுத்த நுனியையே சுரண்டிப் புது சாக்கெட்டில் மாட்டினால் அடுத்த மழைக்கு அதுவும் கருகும். உறையைச் சீவும்போது உள்ளே உள்ள இழைகள் அறுபடக் கூடாது. இழைகளை முறுக்கி, ஒருமுறை மடித்து, ஓட்டைக்குள் விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசைந்தால் இறுகவில்லை. உறைக்கு வெளியே செம்பு நீட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது, உறையோடு சேர்த்து ஸ்க்ரூ இறுகவும் கூடாது.

சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்), வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பழைய நிறக் கணக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். கையில் மிச்சம் இருந்த வயரை இழுத்துவிட்டுப் போனவர்கள் நிறைய. மீட்டர்தான் சாட்சி.

மூடிய பிறகு கரண்டு கொடுத்து மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஃபேஸ்–எர்த் அளவு ஒன்றும் காட்டாமலோ, 90, 120 என்று அலைந்துகொண்டோ இருந்தால் அந்த சாக்கெட்டுக்கு எர்த் வந்து சேரவில்லை.

இன்னொரு குறிப்பு. டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஆன் நிலையில் இருக்கும் ஏதோ ஒரு பல்பு வழியாக ஃபேஸ் சுற்றி வந்து நியூட்ரல் வயரில் நிற்கிறது. "ரெண்டுலயும் கரண்டு நல்லா வருது" என்று தப்பாக எண்ணி நியூட்ரலைத் தொடுகிறவர்கள் உண்டு.

6 ஆம்பியர் சாக்கெட்டில் என்ன மாட்டலாம் என்பதற்குக் கணக்கு எளிது. வாட்டை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர், தாங்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்போ வாட்டர் ஹீட்டரோ 8.7 ஆம்பியர், தாங்காது. அதற்குப் பெரிய பின் 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும். பெரிய ப்ளக்கைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்க ஒரு கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள்.

ஃபேனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளினால்தான் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர். சீலிங் ஃபேனில் வழக்கமாக 2.5 மைக்ரோ ஃபேரட் இருக்கும். பழையதன் மேல் எழுதியிருக்கும் அளவையே வாங்குங்கள். வேகம் கூடட்டும் என்று பெரியது போட்டால் காயில் சூடாகும். மாட்டி முடித்ததும் ராடு போல்ட்டில் உள்ள ஸ்ப்லிட் பின் விரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மழை வந்தால் ட்ரிப் ஆகிறது என்றால்

இந்த மாவட்டத்தில் வயர்மேன்கள் அதிகம் கேட்கும் புகார் இது. "அண்ணே, மழை பெஞ்சா போதும், இது தட்டிக்கிட்டே இருக்கு. இதத் தூக்கிப் போட்டுட்டு நேரா குடுத்துருங்க." 'இது' என்பது ஆர்சிசிபி. சில கடைகளில் இன்னும் ஈஎல்சிபி என்றே கேட்பார்கள். நேராகக் கொடுத்துவிட்டுப் போகிற வயர்மேன்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்பவரை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.

எம்சிபி வயரைக் காக்கிறது. ஆர்சிசிபி ஆளைக் காக்கிறது. ஃபேஸில் போன கரண்டு நியூட்ரலில் அப்படியே திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ சுவர் வழியாகவோ ஒருவர் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம், உடனே துண்டிக்கும். எம்சிபிக்கு இந்தச் சிறு அளவு கண்ணிலேயே படாது. ஆளுக்கு ஷாக் அடித்துக்கொண்டே இருக்கும், 16 ஆம்பியர் எம்சிபி அசையாது.

ஆக, மழையில் ட்ரிப் ஆனால் அது தன் வேலையைச் செய்கிறது. கசிவைத் தேடுவதுதான் நம் வேலை. தேடும் முறை இது.

எல்லா எம்சிபியையும் கீழே தள்ளுங்கள். ஆர்சிசிபியை மட்டும் மேலே ஏற்றுங்கள். நிற்கவில்லை என்றால் கோளாறு டிபி பாக்ஸிலோ, ஏதோ ஒரு நியூட்ரல் எர்த்தோடு ஒட்டியிருப்பதிலோ, ஆர்சிசிபியிலேயோ இருக்கலாம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒன்றொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது தட்டுகிறதோ அந்த லைன்தான் குற்றவாளி. அந்த லைனில் உள்ள எல்லா ப்ளக்கையும் உருவிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். இப்போது நின்றால் சாமானில் கோளாறு. ஒவ்வொன்றாகச் சொருகினால் அகப்பட்டுவிடும். ஹீட்டர், வாஷிங் மெஷின், பழைய ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார் இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். ப்ளக்கின் சுவிட்சை அணைப்பது போதாது, உருவியே ஆக வேண்டும்; ஒற்றை சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்காது.

எல்லாம் உருவிய பிறகும் தட்டினால் வயரிங்கில் ஈரம். அப்போது வீட்டுக்குள் தேடாதீர்கள், வெளியே போங்கள். கேட் தூண் விளக்கு, காம்பவுண்டு சுவர் விளக்கு, பெல் சுவிட்ச், மாடிப்படி விளக்கு. கேட் விளக்குக்குள் தண்ணீர் கோர்த்து நிற்பதைப் பலமுறை காணலாம். அதைக் கழற்றி, வயர் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி வைத்தால் ட்ரிப் நின்றுவிடும்.

அங்கும் இல்லை என்றால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். டிஷ் வயருக்கோ, பின்னால் கட்டப்போகும் மாடி அறைக்கோ என்று தளத்தில் இருந்து மேலே நீட்டிவிட்ட பைப் ஒன்று வாய் திறந்து நிற்கும். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கான்கிரீட்டுக்குள்ளேயே பைப் வழியாக நடந்து, கீழே ஃபேன் ராடில் சொட்டும். சில வீடுகளில் டிபி பாக்ஸிலேயே வடியும். பார்க்கிறவர்கள் தளம் ஒழுகுகிறது என்று கொத்தனைக் கூப்பிட்டு மேலே பூச்சு வேலைக்குப் பணம் செலவழிப்பார்கள். வேண்டியது பைப்பை வளைக்கும் இரண்டு பெண்டு: பைப் வாயைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு வயர் வரும் இடைவெளியை சிலிக்கான் வைத்து அடைத்தால் போதும்.

இதற்கும் அகப்படாவிட்டால் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்திருப்பவர் வர வேண்டும். 500 வோல்ட்டில் சோதித்து ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் இன்சுலேஷன் தேறும். சோதிக்கும் முன் டிவி, எல்இடி பல்பு, எலக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள்.

இன்வெர்டர் புதிதாக வைத்த நாளில் இருந்து ஆர்சிசிபி தட்டுகிறதா? அது ஈரமில்லை. இன்வெர்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் எங்கோ ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்க வேண்டும். இன்வெர்டர் மாட்ட வந்தவரிடமே சொல்லிச் சரிசெய்து வாங்குங்கள்.

ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்குங்கள். தட்டவில்லை என்றால் அது செத்த பொருள். புதிதாக வைக்கும்போது, முடிந்தால் கிணற்று மோட்டாருக்கும் வெளி விளக்குகளுக்கும் தனி ஆர்சிசிபி வைத்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கேட் விளக்கு நனைந்ததற்காக வீடு முழுக்க இருளாகாது. மாடுலர் சுவிட்ச் தகடுக்குச் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம் குறைத்தால் இதற்கு ஆகும். வீடு பால் காய்ச்ச வருகிறவர்கள் கண்ணுக்குத் தகடுதான் தெரியும் என்பது உண்மைதான்.

எர்த்

பழைய ஓட்டு வீடுகளில் எர்த்தே இருக்காது. ரீப்பர் கட்டையில் இரண்டு வயர் ஓடும், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வந்தபோது மூன்று பின் சாக்கெட் தேவைப்பட்டது. சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலில் இருந்து எர்த்துக்கு ஒரு சின்னத் துண்டு வயர் போட்டுவிட்டுப் போனார்கள். டெஸ்டருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்த நொடியில் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். பழைய வீடு வாங்கினால் முதல் வேலையாக எல்லா மூன்று பின் சாக்கெட்டையும் திறந்து, இந்தத் துண்டு வயர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருப்பதும் இப்போது பயனில்லை. நடுவில் எங்கோ பிவிசி பைப் வந்திருக்கும்.

முறையான பைப் எர்த் என்றால் 2.5 மீட்டர் நீள ஜிஐ பைப், சுவரில் இருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, நிலத்துக்குள் நட்டிருக்க வேண்டும். சுற்றிக் கரியும் உப்பும் போடுவது பழைய வழக்கம். கடலோர மண்ணில் ஜிஐ பைப் ஏற்கெனவே சீக்கிரம் துருப்பிடிக்கும்; அங்கே செம்பு பூசிய ராடும் அதற்கென விற்கும் பவுடரும் நீடித்து நிற்கும். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துச் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டும், மாசி பங்குனியில் காய்ந்து ஏமாற்றும். எர்த் அளவைக் கோடையில் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து ஓமுக்குள் இருந்தால் வீட்டுக்கு நல்லது. எர்த் குழிக்குப் புனல் வைத்திருந்தால் வெயில் நாட்களில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இன்றும் நல்ல பழக்கம்தான்.

குழியில் எவ்வளவு நல்ல எர்த் இருந்தாலும், மேலே வயர் சேரும் நட்டு துருப்பிடித்திருந்தால் அது இல்லாததற்குச் சமம். வருஷம் ஒருமுறை மழைக்கு முன்னால் அதைச் சுரண்டி இறுக்கி, மேலே கிரீஸ் தடவி வையுங்கள்.

புதுப் பாயிண்ட் போடும்போது கவனிக்க வேண்டியவை

விளக்கு, ஃபேன் லைனுக்கு ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயரும் 10 ஆம்பியர் எம்சிபியும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இரண்டரையும் 16 ஆம்பியரும். ஏசிக்கு 4 ஸ்கொயரும் 20 ஆம்பியரும். பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கணக்குப் போதும். அடிக்கடி தட்டுகிறதே என்று 16 ஐக் கழற்றி 32 எம்சிபி போட்டால், அதற்கப்புறம் தட்டுவதற்குப் பதிலாக வயர் எரியும்.

கோட்டாறிலோ மார்த்தாண்டத்திலோ வயர் வாங்கும்போது ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உறையிலேயே அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது. ஒரு காயில் 90 மீட்டர். எடையில் இலேசாக இருந்தால் உள்ளே செம்பு குறைவு.

ஜாயிண்ட் போட வேண்டி வந்தால் ஜங்ஷன் பாக்ஸில் மட்டும். பைப்புக்கு நடுவில் ஜாயிண்ட் போட்டு இழுத்துவிட்டால், ஈரம் பிடித்துக் கெடும்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அலுமினியமும் செம்பும் நேராக முறுக்கப்பட்ட ஜாயிண்ட் கடற்காற்றில் சீக்கிரம் அரிக்கும். இரண்டுக்கும் பொருந்தும் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) வேண்டும்.

சமையலறைக்குக் குறைந்தது இரண்டு தனி லைன் இருக்கட்டும். தேங்காய் அரைக்காத சமையல் நம்மிடம் இல்லை. மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன் எல்லாம் ஒரே வயரில் தொங்கக் கூடாது. சாக்கெட் குழாய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரவே கூடாது. குளியலறை ஹீட்டருக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டிபி (டபுள் போல்) சுவிட்ச், அறைக்கு வெளியே.

தளத்துக்கு கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மாலை நீங்களே மேலே ஏறிப் பாருங்கள். பைப் பெண்டுகளில் பசை போட்டிருக்கிறார்களா, பாக்ஸ் வாயில் காகிதம் அடைத்து டேப் ஒட்டியிருக்கிறதா, கம்பி கட்டுகிறவர்கள் மிதித்து எந்தப் பைப்பாவது நசுங்கியிருக்கிறதா? சிமெண்டுப் பால் உள்ளே போனால் அந்தப் பைப் போனதுதான். எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.

கிணறும் காற்றும் இடியும்

கிணற்று மோட்டாரில் ஷாக் தெரிந்தால், அதை ஓடவிட்டுக்கொண்டு வாளியால் தண்ணீர் இறைக்கிற வேலை வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட்டர் பாக்ஸுக்குள் வயர் மேலிருந்து நுழையக் கூடாது. கீழே ஒரு தொய்வு விட்டு அடியில் இருந்து ஏற்றினால் தண்ணீர் தொய்விலேயே சொட்டிவிடும். துணி காயப்போட ஜிஐ கம்பி கட்டாதீர்கள், நைலான் கயிறு போதும். சர்வீஸ் வயர் உரசி, ஈரத்துணி போடப் போனவர் இறந்த செய்தி மழைக்காலங்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. மாங்காய் பறிக்க இரும்புத் தோட்டி வைத்திருப்பவர்களும் லைன் எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு நீட்டுங்கள்.

தென்னை மட்டை லைனில் விழுந்த பிறகு, மூன்று ஃபேஸ் வீட்டில் சில விளக்கு பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், யோசிக்காமல் மெயினை அணையுங்கள். வெளியே நியூட்ரல் அறுந்திருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் டிவியும் ஃபிரிட்ஜும் போகலாம். அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கம் யாரையும் விடாமல் வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

இடிக்கு ஆர்சிசிபி மருந்தில்லை. எர்த் சரியாக இருந்தால் டிபி பாக்ஸில் சர்ஜ் ப்ரொடெக்டர் வைக்கலாம், அது உதவும். ஆனாலும் ஐப்பசி மாலையில் மேற்கே கறுக்கும்போதே டிவி, மோடம், ஃபிரிட்ஜ் ப்ளக்கை உருவிவிடுவதுதான் நம்பகமான வழி. டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். அந்த வழியாகவும் வரும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ப்ளக்கைப் பிடிக்கப் போக வேண்டாம்.

ஒருவருக்கு ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு 108க்குப் பேசுங்கள். மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் அடித்தபோது போஸ்டுகள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் டேங்கில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வரும். அதன் வயரை வீட்டு சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்கக் கொடுப்பது நடக்கக் கூடாத காரியம். கரண்டு மீட்டர் வழியாகப் பின்னோக்கி லைனுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாக ஏறும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி போஸ்டில் ஏறியிருக்கும் லைன்மேனின் கையில் அது அடிக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (மின்வாரிய லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) இல்லாத வீட்டில் ஜெனரேட்டரில் இருந்து மோட்டாருக்கு நேராகத் தனி வயர் கொடுத்துத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள். விளக்குக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும்.